முடியல என்று சொல்லக் கூடாத மலை

புதிதாகக் கைடு வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் என் காதுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ‘பயந்தாங்கொள்ளி அண்ணன்.’ தாராளமாகச் சிரியுங்கள். லிந்துலையில் என் வீட்டுக்காரியே முப்பது வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள். வேலையில் இருந்த காலமெல்லாம், மறுநாள் மலைக்கு ஆள் கூட்டிப் போக வேண்டும் என்றால் முதல் நாள் சாயந்திரமே எனக்குப் பயம் பிடித்துவிடும். சோறு இறங்காது. மழை வருமா, யாருக்காவது கால் பிசகுமா, யாராவது போட்டோ எடுக்கிறேன் என்று விளிம்புக்குப் போவார்களா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கோளாறு தீரவில்லை. நீங்கள் மலைக்குப் போகும் நாளில் இங்கே நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வழி எங்கே பிரிகிறது, கயிற்றை எப்படி முடிவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். இது வேறு சங்கதி.

எங்கள் மலையக ஆட்களுக்கு மலை என்றால் முதலில் கும்பிடப் போகும் சிவனொளிபாத மலைதான். அங்கே ஏறும்போது சில பேச்சுகள் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்று கேட்கக் கூடாது. ‘களைப்பா இருக்கு’ என்று சொல்லக் கூடாது. ‘முடியல’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. சொன்னால் மலை இன்னும் நீண்டுவிடும் என்பார்கள். நல்ல வழக்கம்தான். படி நெடுக விளக்கு, தேத்தண்ணிக் கடை, முன்னாலும் பின்னாலும் ஆயிரம் பேர். ஒருவர் வாயை மூடிக்கொண்டு மயங்கி விழுந்தாலும் தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு. அந்த வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஆளில்லாத மலைக்கு வருவதில்தான் ஆபத்து இருக்கிறது. வேறு நாட்டுக்காரன் இந்தத் தவறைச் செய்ய மாட்டான். நம் ஆட்கள் செய்வார்கள்.

அந்தப் பயணத்தில் எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் குகதாசன் சார். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு ஆசிரியர், பல வருடமாக மலையகத்திலேயே இருப்பவர். சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. ஓய்வு பெற்று ஊருக்குப் போவதற்கு முன்னால் இலங்கையின் உயரமான மலையொன்றின் உச்சியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. “எங்கட ஊரில மலை எண்டு சொல்ல ஒரு மண்மேடும் இல்லைத் தம்பி,” என்று என்னிடம் சொன்னார். பீதுருதாலகால மலைதான் நாட்டிலேயே பெரியது. ஆனால் நம் இஷ்டத்துக்கு அதில் நடந்து ஏற முடியாது. ஆகவே அடுத்த உயரமான கிரிகல்பொத்தவுக்குப் போவதென்று முடிவானது.

அவரோடு விளையாட்டு ஆசிரியர் ரமேஷ், விஞ்ஞானம் படிப்பிக்கும் விஜயா டீச்சர், இன்னும் இரண்டு ஆசிரியைகள். ரமேஷ் இளவட்டம். உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சாரும் அவரும் ஆசிரியர் விடுதியில் ஒரே அறையில் இருந்தார்கள்.

அந்த மலைக்குப் போகும் வழியில், ஹோர்ட்டன் சமவெளி வாயிலில் நின்ற காவலர் மேற்கே பார்த்துவிட்டு, “மீதும எனவா, பரிஸ்ஸமென் யன்ன,” என்றார். பனிமூட்டம் வருகிறது, கவனமாகப் போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நானும் மேற்கே பார்த்தேன். ஆனால் வானம் நீலமாக இருந்தது. மற்றவர்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் சாப்பிடப் பொறுமை இல்லை.

“ரொட்டியை உச்சியில வச்சுச் சாப்பிடுவோம். அங்க சாப்பிட்டாத்தான் ருசி,” என்றார் ரமேஷ். எல்லோரும் தலையாட்டினார்கள். நடக்கத் தொடங்கும் இடத்தில் அவர் கையை உயர்த்தி ஒரு சட்டம் வேறு போட்டார். “சார், டீச்சர், கேட்டுக்கங்க. மலையில முடியலன்னு யாரும் சொல்லக் கூடாது. எவ்வளவு தூரம்னும் கேக்கக் கூடாது.”

“எங்கட ஆக்கள் முடியல எண்டு சொல்லுறேல்லையே,” என்றார் குகதாசன் சார். “ஏலாது எண்டுதான் சொல்லுவம்.”

“அதுவும் கூடாது சார்!”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உள்ளதைச் சொன்னால், கைடுகளுக்கு இந்தச் சட்டம் பிடிக்கும். முனகல் இல்லை, தொணதொணப்பு இல்லை, கூட்டம் பாட்டுக்கு நடக்கும்.

கிரிகல்பொத்த வழி உங்களுக்குத் தெரியும். புல்வெளி, சேறு, பிறகு காடு, மறுபடி புல்வெளி. உச்சியை நெருங்க நெருங்கப் பாதை ஒடுங்கிப் பற்றைப் புதருக்குள் புகுந்துவிடும். பக்கவாட்டில் எங்கே தரை முடிகிறது என்பது புல்லை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். பாதி வழி தாண்டியதும் காவலர் சொன்ன பனிமூட்டம் வந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னால் போகிறவரின் பை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லோரையும் நெருக்கி நடக்கச் சொல்லி, சாரை எனக்குப் பின்னால் விட்டு, ரமேஷைக் கடைசியில் வரச் சொன்னேன்.

சிறிது தூரம் போனதும் பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது. “தம்பி, ஒண்டும் தெரியேல்லை.”

“எங்களுக்கும் தெரியல சார்!” என்று ரமேஷ் கத்தினார். ஆசிரியைகள் சிரித்தார்கள்.

கொஞ்ச தூரம் போய் மறுபடியும் சொன்னார். “ஒண்டுமே தெரியேல்லைத் தம்பி.” இந்தத் தடவை யாரும் பதில்கூடச் சொல்லவில்லை. பனிக்குள் ஒருவர் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதில் என்ன புதினம்?

நான் திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் ஈரம். எங்கள் எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருந்தது. “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்டேன். “ஓம்,” என்றார். “நடக்கலாமா?” “ஓம்.” நடந்தோம்.

அதன் பிறகு ஒரு வளைவில் பின்னால் காலடிச் சத்தம் மாறியது. பாதையில் சேற்றை மிதிக்கும் சத்தம் நின்று, புல் உரசும் சத்தம் கேட்டது. திரும்பினால் சார் பாதையில் இல்லை. இடது பக்கம், சரிவு இருக்கும் பக்கம், நிதானமாக நடந்துபோய்க்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. வகுப்புக்குப் போகிறவர் நடை. பாய்ந்துபோய் அவருடைய பையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம். என் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

“எங்க சார் போறீங்க?”

“மணி அடிச்சிட்டுது,” என்றார். “பிள்ளையள் காத்துக்கொண்டிருப்பினம்.”

அந்தக் குரலில் கலவரமே இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. பயந்தவனைச் சமாளிக்கலாம். பயமே இல்லாமல் சரிவுக்குள் நடந்துபோகிறவரை என்ன செய்வது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் இவ்வளவு நேரமும் பனியைச் சொல்லவில்லை. தன் கண் மங்குவதைச் சொல்லியிருக்கிறார். ‘ஏலாது’ என்ற சொல்லைத் தடுத்துவிட்டோம். ஒழுக்கமான மனிதர், சட்டத்தை மீறவில்லை. மிச்சமிருந்த சொல்லில் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவரைப் பாதைக்கு இழுத்து, ஒரு பாறை மறைவில் உட்கார வைத்தோம். மழைக்கோட்டுக்குள் கையை விட்டேன். பனியே புகாத இடத்தில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்தக் குளிரில் அப்படி ஒரு வியர்வை. கை சில்லிட்டு, விரல்கள் உதறிக்கொண்டிருந்தன.

“சாருக்குச் சீனி வருத்தம் இருக்கு,” என்றார் ரமேஷ். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

சாருக்கு நீரிழிவு என்பதை நடக்கத் தொடங்கும்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆசிரியைகளில் ஒருவர் அழ ஆரம்பித்தார். “ஐயோ, இனிப்பு எதுவும் குடுத்துராதீங்க. எங்க மாமாவுக்கு இப்புடித்தான் சீனி ஏறி ஆளே போயிட்டாரு.”

முதலுதவி வகுப்பில் இதைப் பற்றி ஏதோ சொல்லித் தந்தார்கள் என்பது மட்டும் எனக்கு நினைவு இருந்தது. சீனி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்பது அந்த நேரத்தில் மூளையில் நிற்கவில்லை. வகுப்பில் கதிரையில் உட்கார்ந்து கேட்டது, ஒருவர் என் தோளில் சாய்ந்து மணி அடித்துவிட்டது என்று சொல்லும்போது எங்கோ ஓடிப்போய்விட்டது. அப்படி ஓடிப்போகும், தம்பிகளே. உங்களுக்கும் போகும். அந்த நேரத்தில் எல்லாம் தெரிந்தவன்போல நடிக்காதீர்கள். நான் விஜயா டீச்சரைப் பார்த்து, “டீச்சர், எனக்குச் சரியா தெரியல. நீங்க சொல்லுங்க,” என்றேன்.

டீச்சர் ரமேஷைப் பார்த்துக் கேட்டார். “காலையில சீனிக்குக் குளிசை போட்டாரா?”

“போட்டாரு. நான் பாத்தேன்.”

“சாப்பிட்டாரா?”

ரமேஷ் தன் பையைத் திரும்பிப் பார்த்தார். ரொட்டி அவருடைய பைக்குள்தான் இருந்தது.

“அப்ப இது சீனி ஏறினது இல்ல, இறங்கினது,” என்றார் டீச்சர். “அண்ணே, நான் டாக்டர் இல்லீங்க. ஆனா இறங்கியிருந்தா இப்பவே ஆபத்து. ஏறியிருந்தா, இன்னும் ஒரு கை சீனியால இந்த நேரத்துல பெருசா எதுவும் ஆகாது. குடுப்போம்.”

“டீச்சர், வேணாம்!” என்று அந்த ஆசிரியை அழுதார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை. கொடுத்து ஏதாவது ஆனால் நான் கொன்றதாகத்தான் பேச்சு வரும். கொடுக்காமல் போனால், மலை கொன்றது என்று சொல்லிவிடுவார்கள். என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்தக் கணக்கு என் மனதில் ஓடத்தான் செய்தது. உங்கள் மனதிலும் ஒரு நாள் ஓடும். அது ஓடும்போது, எது உங்களுக்குப் பாதுகாப்பு என்று பார்க்காதீர்கள். மடியில் கிடக்கிறவருக்கு எது பாதுகாப்பு என்று பாருங்கள். “குடுங்க,” என்றேன்.

நம் ஆட்கள் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, பாலில்லாத சாயத் தேத்தண்ணி குடிப்பவர்கள். அதனால் பிளாஸ்க்கில் வெறும் சாயமும், தனியாக ஒரு பையில் சீனியும் இருந்தன. முதலில் ஒரு மிடறு வெறும் சாயத்தைக் கொடுத்து விழுங்குகிறாரா என்று பார்த்தேன். விழுங்கினார். பிறகு கோப்பையில் சீனியைக் கொட்டிக் கலக்கினோம். சார் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். எதுவும் நினைவில்லாத அந்த நிலையிலும், “எனக்குச் சீனி கூடாது,” என்று மட்டும் தெளிவாகச் சொன்னார்.

“வாயத் தொறங்க சார்!” என்று அதட்டினார் விஜயா டீச்சர். பாடசாலையே நடுங்கும் கணக்கு வாத்தியார் ஒரு சின்னப் பிள்ளையைப் போல வாயைத் திறந்தார்.

பிறகு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காற்று, பனி, அழும் சத்தம். சார் கண்ணை மூடி என்மேல் சாய்ந்திருந்தார். மூச்சு வருகிறதா என்று என் கன்னத்தை அவர் மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தேன். இவர் எழும்பாவிட்டால் இந்தச் சேற்றில் எப்படித் தூக்குவது? தூக்கும்போது மழை வந்தால்? கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை.

ரமேஷ் திடீரென்று எழுந்தார். “நான் ஓடிப்போய் ஆளுங்கள கூட்டிட்டு வர்றேன்.”

“வேணாம்.”

“அண்ணே, நான் ஸ்போர்ட்ஸ் மாஸ்டர். ஒரே ஓட்டமா போயிருவேன்.”

“பனியில பாதை தெரியாது. நீங்க வழி மாறிட்டா எனக்குத் தெரியவே தெரியாது. ஒத்தையா உங்கள விட மாட்டேன், உக்காருங்க.”

“சாருக்கு எதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு!”

“ஆமா, நான்தான் பொறுப்பு. அதனாலதான் உக்காரச் சொல்றேன்.”

அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டார். அவருக்கு ஓட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அது. மலையில் ஒருவர் விழுந்தால் மற்றவர்களுக்கு இந்தத் தவிப்பு வரும். அதைக் கட்டிப்போடுவது உங்கள் வேலை. அவர் கையில் சாரின் மழைக்கோட்டுத் தொப்பியைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தேன். காற்றுக்கு அது சரிந்துகொண்டே இருந்தது.

இன்னொரு கோப்பை உள்ளே போன பிறகு சார் கண்ணைத் திறந்தார். நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“ஆர் தேத்தண்ணிக்குள்ள சீனி போட்டது?” என்று கோபமாகக் கேட்டார்.

விஜயா டீச்சர் ஓவென்று அழுதுவிட்டார்.

அவருக்கு ரொட்டி கொடுத்தோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் காற்று மாறி, பனி விலகத் தொடங்கியது. அது செய்த கொடுமையைப் பாருங்கள். மலை உச்சி எதிரே பளிச்சென்று தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

“உந்தா தெரியுது!” சார் எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “வாங்கோ தம்பி, போவம்.”

“இல்ல சார். திரும்புறோம்.”

“ஏன்?”

“உங்களுக்கு மயக்கம் வந்துச்சு சார்.”

“விசர்க் கதை கதைக்காதேங்கோ. கொஞ்சம் களைச்சுப்போய் இருந்தனான், அவ்வளவுதான். இவ்வளவு தூரம் வந்திட்டுத் திரும்பிறதோ?”

அவர் பொய் சொல்லவில்லை. சரிவுக்குள் நடந்ததும் மணி அடித்ததாகச் சொன்னதும் அவருக்கு நினைவே இல்லை. அவரைப் பொறுத்தவரை பாறையில் உட்கார்ந்தார், யாரோ இனிப்புத் தேத்தண்ணி கொடுத்தார்கள், இப்போது உச்சி கண்முன்னால் இருக்கிறது. நல்ல தெளிவோடு நிற்கும் ஒரு பெரிய மனிதரின் கடைசி ஆசையை நான் மறிக்கிறேன். மற்றவர்களும் தடுமாறினார்கள். “மெதுவா போனா ஏறிரலாம் போலிருக்கே அண்ணே,” என்று ரமேஷே சொன்னார். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் காலையில் போட்ட குளிசை இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். உடம்பில் சீனி இன்னொரு தடவை இறங்கினால், கொடுக்கக் கையில் சீனி மிச்சமில்லை.

“சார், எனக்கு முடியல,” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நெசமாத்தான் சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு. கால் நடுங்குது. என்னால உங்கள மேல கூட்டிட்டுப் போக முடியாது. மன்னிச்சிருங்க.”

கைடு வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் மற்றவர்களின் வாயும் திறந்தது. ஓர் ஆசிரியைக்குக் குதிகால் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்ததாம். இன்னொருவருக்குச் சேற்றைத் தாண்டியதிலிருந்தே நெஞ்சு படபடத்ததாம். ரமேஷுக்குப் பசியில் கண் இருட்டியதாம். சட்டம் போட்டவரே அவர்தான்! எல்லோரும் ஒருவரை ஒருவர் நம்பி, யாருமே நடக்க முடியாத நிலையில் நடந்துகொண்டிருந்திருக்கிறோம்.

சார் உச்சியை ஒரு தடவை பார்த்துவிட்டு முன்னால் இறங்கினார். அவருடைய பையின் வாரைக் கடைசி வரை நான் விடவில்லை. அது அவருக்கு இன்னும் கோபம். வாயிலிலிருந்து நேரே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வேனை விடச் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே அன்று அவரை வீட்டுக்கு விடவில்லை. நல்ல நேரத்தில் இனிப்புக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாதி சொன்னார். நான் வெளியே வந்து வேனுக்குப் பின்னால் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்றிலிருந்து வழியில் யாராவது மலைச் சட்டம் பேச ஆரம்பித்தால், “இந்த மலைக்கு அது கிடையாதுங்க. இங்க முடியலன்னு மொதல்ல சொல்றவருக்குத்தான் மரியாதை,” என்று நிறுத்திவிடுவேன். என்ன மருந்து, எப்போது போட்டது, சாப்பிட்டாயிற்றா என்று வெட்கப்படாமல் கேட்பேன். நல்லா இருக்கீங்களா என்று மட்டும் கேட்கவே மாட்டேன். அதற்கு நம் ஆட்கள் சாகும்போதுகூட ஆமா என்றுதான் சொல்வார்கள். முன்னால் போகிறவர் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார், அடுத்த கல் எங்கே இருக்கிறது என்று, பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள்.

குகதாசன் சார் ஓய்வு பெற்றும் ஊருக்குப் போகவில்லை. தலவாக்கலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து டியூஷன் கொடுக்கிறார். கிரிகல்பொத்தவின் வாசல்வரை கூட்டிப்போய், ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் திருப்பி அழைத்து வந்த பயந்தாங்கொள்ளி என்று என்னைப் பற்றிச் சொல்கிறாராம். விஜயா டீச்சர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், கூட்டிச் சொல்லுகிறீர்கள் என்று தட்டிவிட்டாராம். போன கிழமை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். வணக்கம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுருக்கமில்லாத சட்டை, கையில் குடை. யார் கையையும் பிடிக்காமல் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மறுபடியும் என்னைப் பார்த்து முறைத்தார். பஸ் திரும்பி மறையும்வரை, அந்த முறைப்பைப் பார்த்துச் சிரித்தபடி அங்கேயே நின்றேன்.